முப்பது நாள் கணக்கு

கள்ளக்குறிச்சி பக்கத்தில் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனதும் தொடங்கும் கல்யாண வேலைகளில் இப்போது ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மண்டபம், பத்திரிகை, முகூர்த்தப் புடவை என்ற வரிசையில் தோல் டாக்டரும் வந்துவிட்டார். ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்றால் நடுவே ஐந்து மாதம் இருக்கிறது. பெண்ணின் கன்னத்தில் கட்டி கட்டியாகப் பரு இருந்தால் போட்டோ எடுக்கிற நாளுக்குள் அது அடங்கியாக வேண்டும். பயத்தமாவும் களிம்பும் தோற்றுப்போன பிறகு டாக்டர் ஒரு மாத்திரை எழுதுகிறார். ஐசோட்ரெட்டினாயின் என்பது அதன் பெயர். பத்து, இருபது மில்லிகிராம் கேப்சூல்களாகக் கிடைக்கும். உடம்பு எடைக்குத் தக்கபடி நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சாப்பிட வேண்டும். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே அளந்து வைத்தது போல அந்தக் காலம் பொருந்திவிடுகிறது.

சிக்கலும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. கல்யாணமான இரண்டாவது மாதமே தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசி மாத்திரை போட்ட நாளும் முதல் கரு தங்கும் நாளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மேலைநாட்டுப் புத்தகங்கள் இந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது பள்ளியில் படிக்கும் பதினாறு வயதுப் பெண்ணை மனத்தில் வைத்துப் பேசுகின்றன. நம் ஊரில் மணப்பெண்ணை மனத்தில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அவளுக்கு நம்மிடமிருந்து இரண்டு பதில்கள் தேவை. மருந்து உடம்பில் இருக்கும்போது கரு தங்கினால் என்ன ஆகும் என்பது ஒன்று. நிறுத்திய பிறகு எத்தனை நாள் பயப்பட வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், இரண்டாவதில் தேவைக்கு மேல் நடுங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு தவளையிலிருந்து தொடங்கலாம். புவனேஸ்வரில் உள்ள உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி என்ற விலங்கியல் பேராசிரியர் இருந்தார். ஒடிசி நடனத்திலும் பெயர் பெற்றவர். அவரும் அவருடைய சகாக்களும் மழைக்காலத்தில் குட்டைகளில் முட்டையிடும் ஒரு தவளையின் தலைப்பிரட்டைகளைப் பிடித்து, வாலை நறுக்கி, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். தலைப்பிரட்டைக்கு வால் போனால் வால்தான் திரும்ப முளைக்கும். இந்த நீரில் கிடந்தவற்றுக்கு வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன. அதுவும் ஒன்றல்ல, பல. 1992-இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தபோது உலகத்துக் கருவியல் அறிஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உடம்பின் ஓர் இடத்துக்கு 'நீ வால்' என்று சொல்லப்பட்டிருந்த கட்டளையை ஒரு சாதாரண வைட்டமின் 'நீ இடுப்பு' என்று மாற்றி எழுதிவிட்டதே என்ற வியப்பு அது.

பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் இந்த வைட்டமின் ஏ-யின் நெருங்கிய பங்காளி. உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி ரெட்டினாயிக் அமிலத்தின் இன்னொரு வடிவமாக மாறும். கருவுக்குள் 'இது தலை, இது கழுத்து, இது மார்பு' என்று செல்களுக்கு இடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை அந்த வடிவம் செய்கிறது. வளரும் கரு அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் ஒரு நொதி அதை உண்டாக்கும். சற்றுத் தள்ளி இன்னொரு நொதி அதை அழிக்கும். நடுவே எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துச் செல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கின்றன.

கோமுகி அணைத் தண்ணீரில் நெல் வைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எத்தனை நாழிகை விடுவது, எப்போது அடைப்பது என்று பார்த்துப் பார்த்துப் பாய்ச்சினால் நாற்றங்கால் பச்சை பிடிக்கும். அதே தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு வந்தால் நாற்று எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். தண்ணீர் விஷமா என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரை செய்வது வெள்ளத்தின் வேலை.

தண்ணீர் இல்லாவிட்டாலும் நாற்று போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். 1933-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்பவர் வைட்டமின் ஏ இல்லாத தீனி போட்டு ஒரு பெண் பன்றியை வளர்த்தார். அது ஈன்ற குட்டிகளில் ஒன்றுக்கும் கண் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1953-இல், கோலன் என்ற மருத்துவர் கருவுற்ற எலிகளுக்கு அதே வைட்டமினை அளவு மீறிக் கொடுத்தபோது குட்டிகள் ஊனத்தோடு பிறந்தன. ஆக, பரு மாத்திரை சந்தைக்கு வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை அச்சில் இருந்தது.

1979-இல் கேரி பெக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், எந்த மருந்துக்கும் அடங்காத கட்டிப் பரு கொண்ட 14 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார்கள். 13 பேருக்கு முழுவதும் மறைந்தது. அதைவிட முக்கியமாக, மருந்தை நிறுத்திய பிறகும் திரும்ப வரவில்லை. முகத்து எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கவைக்கும் மருந்து இது. பருவால் முகத்தில் குழி விழுந்து, வெளியே வரக் கூசிக் கிடந்தவர்களுக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் இந்த மருந்துக்கு எதிரி அல்ல. 1982-இல் ரோஷ் நிறுவனம் அக்யூட்டேன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று காகிதத்தில் எழுதியும் இருந்தது. மறு ஆண்டே காது இல்லாத குழந்தைகளைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின.

1985-இல் எட்வர்ட் லாமர் குழுவினர் 154 கர்ப்பங்களின் கணக்கை வெளியிட்டார்கள். 95 பேர் கருவைக் கலைத்துவிட்டார்கள். 12 பேருக்குத் தானாகக் கலைந்தது. 26 குழந்தைகள் பெரிய குறை இல்லாமல் பிறந்தன. 21 குழந்தைகளுக்கு ஊனம். காது மடல் சிறுத்தோ இல்லாமலோ இருப்பது, தாடை சிறுத்திருப்பது, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய்கள் இடம் மாறியிருப்பது, மூளையில் நீர் கோத்திருப்பது, தைமஸ் சுரப்பி குறைபட்டிருப்பது என ஒரே மாதிரியான கூட்டுக் குறைகள். இவை எல்லாம் நரம்பு முகடு என்ற ஒரே இடத்திலிருந்து புறப்பட்டுப் போகும் செல்கள் கட்டும் உறுப்புகள் அல்லது அவற்றை ஒட்டியவை. மடை உடைந்த இடம் எது என்று வயலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். குழந்தை ஊனமாகப் பிறந்த பிறகு தெரிவிக்கப்பட்டவையும் அந்த 154-இல் கலந்திருக்கின்றன. நல்லபடியாகப் பிறந்திருந்தால் யாரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். முடிவு தெரியும் முன்பே கணக்கில் சேர்ந்தவர்கள் 36 பேர்தான். அவர்களில் 8 பேருக்குக் கலைந்தது, 23 குழந்தைகள் நன்றாகப் பிறந்தன, 5 குழந்தைகளுக்கு ஊனம். பிறந்த 28-இல் 5 என்பது ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரிய குறை இருப்பது உலகம் முழுவதும் உள்ள நிலைமை. அதோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒன்று என்பதன் கனம் புரியும். பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லாமல் பிறந்த குழந்தைகளிலும் சிலருக்குப் படிப்பிலும் புரிதலிலும் பின்னடைவு இருந்தது பின்னால் தெரிந்தது.

"நாள் தள்ளிப்போனதும் நிறுத்திக்கிறேன்" என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். நியாயமான பேச்சாகத்தான் தோன்றும், ஆனால் நாள்கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. கரு தங்கி இரண்டு வாரம் ஆனபோதுதான் மாதவிடாய் வர வேண்டிய தேதியே வரும். வெயிலோ அலைச்சலோ காரணம் என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் மூன்று வாரம். 22-ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. 28-ஆம் நாளுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய் மூடிவிடுகிறது. மருந்தின் சேதம் அதிகமாக விழுவது மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள். மெடிக்கலில் பரிசோதனை அட்டை வாங்கி இரண்டு கோடு பார்க்கும் காலையில், சேதம் நடக்கும் வாரங்களுக்குள் கரு ஏற்கெனவே நுழைந்திருக்கும். அதனால்தான் இந்த மருந்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவை எந்த நாடும் சொல்லவில்லை. மருந்து தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கருத்தடை தொடங்க வேண்டும் என்பதும், கர்ப்பம் இல்லை என்று சோதித்த பிறகே முதல் மாத்திரை என்பதும் இதிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் 2006 முதல் மருத்துவர், மருந்துக்கடை, பெண் மூவரும் ஒரே பதிவேட்டில் மாதாமாதம் பதிந்தால்தான் மாத்திரை கிடைக்கும்.

நம்மிடம் அப்படிப் பதிவேடு கிடையாது. சட்டப்படி ஐசோட்ரெட்டினாயின் அட்டவணை 'எச்' மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுத்தில் சரிதான். ஆனால் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி நாலு கொடுப்பது நம் ஊர் வழக்கம். மாத்திரை நாலும் கைக்கு வரும். எச்சரிக்கை அச்சான பக்கம் கடை டப்பாவிலேயே தங்கிவிடும். படம் போட்டால் புரியுமே என்று நினைக்கலாம். அமெரிக்காவில் கர்ப்பிணியின் உருவத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு அச்சிட்டார்கள். அது எப்படிப் புரிகிறது என்று பெண்களிடம் கேட்டுப் பார்த்தபோது, கருத்தடை மாத்திரை என்று பலர் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள். வாய்விட்டுச் சொல்வதற்கு ஈடாக எந்தப் படமும் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. நிறுத்திய பிறகு எத்தனை நாள்?

மருந்து உடம்பைவிட்டுப் போவதற்கு ஒரு கணக்கு உண்டு. இருப்பதில் பாதி கழியும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். ஐசோட்ரெட்டினாயினுக்கும் அதிலிருந்து உடம்பு உண்டாக்கும் பொருளுக்கும் அது சராசரியாக ஒரு நாளை ஒட்டி வரும். கடைசி மாத்திரை போட்ட இரவில் நூறு பங்கு இருந்தால் மறுநாள் ஐம்பது, அதற்கடுத்த நாள் இருபத்தைந்து, மூன்றாம் நாள் பன்னிரண்டரை. ஒரு வாரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சிலருக்கு மெதுவாகக் கழியும். ஐம்பது மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவருக்கும் முப்பது நாளில் பதினாலு முறை பாதியாகிவிடும். ஒன்றைப் பதினாலு தடவை பாதியாக்கிப் பாருங்கள், பதினாறாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாம் சாப்பிடும் கீரை, பால், முட்டையிலிருந்து எல்லார் ரத்தத்திலும் இயல்பாகவே கொஞ்சம் ரெட்டினாயிக் அமிலம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அளவு அந்த இயல்பு நிலைக்கு வந்துவிடும். மீதி இரண்டு வாரம் பாதுகாப்புக்காகக் கூட்டியது. முப்பது நாள் என்ற விதி இப்படித்தான் வந்தது.

கணக்கு சரியா என்று குழந்தைகளைப் பார்த்தும் சோதித்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டுக் கருத்தரித்த பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றை டாய், சூ, இட்ரி மூவரும் 1989-இல் வெளியிட்டார்கள். கருச்சிதைவும் ஊனமும் மற்றப் பெண்களுக்கு நேர்வதைவிடக் கூடுதலாக இல்லை. ஆய்வு செய்தவர்கள் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் அரை ஆயுள் கணக்கு யாருடைய சம்பளத்தையும் நம்பி நிற்கவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இந்த மருந்து கருமுட்டையைக் கெடுத்து வைத்துவிட்டுப் போகும் வகையும் அல்ல. கரு வளரும் வாரங்களில் ரத்தத்தில் இருந்தால்தான் சேதம். வெள்ளம் வடிந்த பிறகு நட்ட நாற்றுக்கு வெள்ளம் தெரியாது.

சில மருத்துவர்கள் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வதுண்டு. கூடுதல் எச்சரிக்கைதான், தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட பெண் இரண்டாவது மாதத்தில் கர்ப்பமானால் குழந்தை கெட்டுவிட்டது என்று அழ வேண்டியதில்லை. நல்ல கருவைப் பயத்தால் கலைக்கவும் வேண்டியதில்லை. மாமியார் வீட்டில் 'பரு மாத்திரை சாப்பிட்ட பெண்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். மருந்து முப்பது நாளில் போய்விடும், பேச்சு போகாது.

இதே குடும்பத்தில் இன்னொரு மருந்து உண்டு; குழப்பிக்கொள்ளக் கூடாது. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிசுக்குத் தரும் அசிட்ரெட்டின். அதற்கு முப்பது நாள் போதாது, மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். இதற்கு முன்னால் இருந்த எட்ரெட்டினேட் என்ற மருந்து உடம்புக் கொழுப்பில் போய் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் கசியும். அரை ஆயுளே சுமார் 120 நாள். அதற்கு மாற்றாகத்தான் சீக்கிரம் கழிந்துபோகும் அசிட்ரெட்டினைக் கொண்டுவந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, ஆல்கஹால் சேர்ந்தால் உடம்பு அசிட்ரெட்டினைப் பழைய எட்ரெட்டினேட்டாகவே மாற்றிவிடுகிறது என்று. 'எங்கள் வீட்டுப் பெண் குடிப்பதில்லை' என்பீர்கள். அரிஷ்டம் குடிப்பாள் அல்லவா? அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்பவை. அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. சில இருமல் மருந்துகளிலும் உண்டு. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அசிட்ரெட்டினைத் தவிர்க்க மருத்துவர்கள் பார்ப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் சில கேள்விகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் ஆகியவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தனக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். அதனால் ஊனம் வராது. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் வைட்டமின் ஏ சொட்டு கண்ணைக் காக்க வந்தது, அதை நிறுத்திவிடாதீர்கள். மாப்பிள்ளை இந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாகச் சான்று இல்லை. ஆனால் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ஆணோ பெண்ணோ ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறிவிடலாம். மாத்திரை மிஞ்சினால் தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்து சாப்பிடும்போதே கரு தங்கிவிட்டால்? அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். பிறகு ஒளிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். கலைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதும் இல்லை. எந்த வாரத்தில் எத்தனை மாத்திரை என்று பார்த்து, பதினெட்டு இருபது வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனில் இதயத்தையும் மூளையையும் முகத்தையும் பார்த்து, பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு அது. ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் சொல்லித்தான் முடிவெடுக்க வைக்க வேண்டும். கருக்கலைப்புக்கு 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் இருபது வாரம் வரையிலும், சில பிரிவினருக்கு இருபத்துநாலு வாரம் வரையிலும் இடம் தருகிறது. கருவில் கடுமையான குறை இருந்தால் அதற்குப் பிறகும் மருத்துவக் குழு முடிவு செய்யலாம்.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலிருந்து தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி வர வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்பிருந்த அலைச்சல் இன்று இல்லை. ஆனாலும் மாத்திரை எழுதுவது கீழே, கரு தங்குவது மேலே. தோல் டாக்டரின் சீட்டுக்கும் கர்ப்பப் பதிவுக்கும் நடுவே ஒரு மலை நிற்கிறது. அதைக் கடந்து இரண்டையும் சேர்க்கக்கூடியவர் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான். பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணுக்காகப் பெயர் பதியும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எந்தத் தேதியில தலைக்கு ஊத்தின?" என்பது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டால் நல்லது: "பருவுக்கு, தோலுக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டியாம்மா? கடைசியா என்னைக்கு?" இரண்டு தேதியும் கையில் இருந்தால், பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம்.

அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். கடைசி மாத்திரை போட்ட நாளைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிட்டு, மருந்தின் பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐசோட்ரெட்டினாயினா அசிட்ரெட்டினா என்பதில் மூன்று ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. மருந்தால் கெடுதல் நேர்ந்ததாகத் தோன்றினால் இந்திய மருந்து விழிப்புப் பணித் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.